பேச்சுக்கு முந்தின நாள்

பாகூருக்குக் கிழக்கே கடலோரம் ஒரு கிராமம். சமுதாய நலக்கூடத்தில் பகல் பதினோரு மணிக்குக் கூட்டம். நிலத்தடி நீரைப் பற்றிப் பேச நான் போயிருந்தேன். மூன்று ராத்திரி கண்விழித்துச் செய்த 42 பக்கப் பவர்பாயின்ட் பென்டிரைவில் இருந்தது. வரைபடம், அட்டவணை என்று எல்லாமே சரியான கணக்குதான். ஜன்னல் வழியே வந்த வெயிலில் திரை வெளுத்துக் கிடந்தது. ஒன்பதாவது பக்கத்தில் நிற்கும்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்.

"இன்னாம்மா, நீ சொல்றது எங்க ஊரு போருக்கா, வேற எங்கியாச்சுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஊரில் எத்தனை போர், எவ்வளவு ஆழம், எதில் தண்ணீர் கரிக்கிறது என்று நான் விசாரித்துக்கொண்டு வரவில்லை. புதுச்சேரி முழுவதற்குமான கணக்கு என் கையில் இருந்தது. அவர் கொல்லையில் இருக்கும் போரின் கணக்கு இல்லை. அதற்குப் பிறகும் பாட்டி எழுந்து போகவில்லை. வீடு தேடி வந்தவளுக்குக் காட்டும் மரியாதையாகக் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். என்னை அதிகம் வருத்தியது அதுதான். அரைநாள் கூலியை விட்டுவிட்டு அறுபது பேர் அங்கே வந்திருந்தார்கள். அந்த அரைநாளுக்கு ஈடாக நான் எதையும் கொடுக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் வில்லியனூர்ப் பக்கம். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சேர்ந்தேன். பிறகு மகளிர் குழுக்களோடு வேலை. இப்போது கிராமங்களுக்குப் பேசப் போகிற இளையவர்களுக்கு, அதாவது செவிலியர்கள், வேளாண்மை படித்தவர்கள், குழுத் தலைவிகள் போன்றவர்களுக்கு, எப்படித் தயாராவது என்று சொல்லிக்கொடுக்கிறேன். வந்ததும் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, பயமில்லாம எப்படிப் பேசறது?" பயம் பெரிய விஷயமில்லை, பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் போய்விடும். பேச்சு நன்றாக அமைவதும் பாழாவதும் முந்தின நாளே முடிவாகிவிடுகிறது என்பதைத்தான் அவர்கள் மனதில் பதிய வைக்கப் பாடுபடுகிறேன்.

முந்தின நாள் ஊருக்குப் போக வேண்டும். நோட்டுப் புத்தகம்கூட வேண்டாம், ஒரு டீ குடித்துவிட்டு நடந்தால் போதும். பால் சொசைட்டியில் எத்தனை மணிக்குப் பால் ஊற்றுகிறார்கள்? பாண்லேவுக்குப் பால் ஊற்றுகிற பெண் சாயங்காலம் நான்கரைக்கு உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் மனசு மாட்டுக் கொட்டகையில்தான் இருக்கும். நூறு நாள் வேலை எந்தப் பக்கம் நடக்கிறது? சொர்ணவாரி அறுப்பா, சம்பா நடவா? நாற்று பிடுங்குகிற வாரத்தில் மண் பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறவரை ஊர் மன்னிக்காது. திருவிழா உண்டா? வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரைப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்து இழுத்திருக்கிறார். இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அந்தத் தேர் நாளில் சுற்றுவட்டாரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "ஜனங்களுக்கு அக்கறையே இல்லை" என்று அறிக்கை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படி நடக்கும்போது காதில் விழுகிற சொற்கள்தான் மறுநாள் பேச்சுக்கு மூலப்பொருள். எங்கள் பக்கம் பெரியவர்கள் நிலத்தை ஏக்கரில் சொல்ல மாட்டார்கள். குழி, காணிதான். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, நூறு குழி ஒரு காணி. பத்திரத்தில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஹெக்டேர், ஆர், சென்டியார் இருக்கும். வாயில் வருவது குழி. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் "ஹெக்டேருக்கு இவ்வளவு" என்றதும் கூட்டம் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பிக்கிறது. அந்தக் கணக்கு முடிவதற்குள் அவர் மூன்று வாக்கியம் தாண்டிப் போயிருப்பார். அந்த மூன்றும் யார் காதிலும் விழாது.

மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு மில்லிமீட்டர் மழை" என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. ஒரு குழி நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 53 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய நான்கு குடம். ஒரு காணிக்கு 5,350 லிட்டர். நெல்லுக்கு ஒரு போகத்தில் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை என்று வேளாண் புத்தகங்கள் சொல்கின்றன. அதைக் காணிக்குப் பெருக்கினால் 64 லட்சம் லிட்டர். இப்போதும் இது வெறும் எண்தான். கோடையில் தண்ணீர் கொண்டுவருகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் வகுத்துப் பாருங்கள்: 535 லாரி. "உங்க ஒரு காணி நெல்லுக்கு 535 டேங்கர் தண்ணி" என்று சொன்னால் ஒருவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். அப்படித் திரும்பிப் பார்த்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று எனக்கு உறுதியாகும். இந்தக் கணக்கை மேடையில் நின்று போட முடியாது. முந்தின ராத்திரி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்கிறவர்களை முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு சொல்வதைத் திட்டமிடுவதற்கு எங்கள் மண்ணிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு வில்லியனூரை நடுவமாக வைத்து ஒரு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்களில் கணினி வைத்த அறிவு மையங்கள், வில்லியனூரோடு அவற்றை இணைக்கக் கம்பியில்லாத் தொடர்பு. அந்தக் காலத்தில் இந்தக் கிராமங்களில் தொலைபேசியே அரிது. ஆனால் கணினியை இறக்குவதற்கு முன்பு அவர்கள் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். உங்களுக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது, யார் சொன்னால் நம்புவீர்கள், எது தெரிந்தால் பயன்படும் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டார், கடைக்காரர், சந்தை என்றுதான் பதில் வந்தது. மக்கள் கேட்டதும் உலகச் செய்தி இல்லை. நெல் விலை, விதையும் உரமும் கிடைக்கும் இடம், ஆஸ்பத்திரி விவரம், தங்களுக்குச் சேர வேண்டிய அரசு உதவிகள், இவைதான். ஏம்பலத்தில் கோயில் இடத்தில் மையம் இயங்கியது, பெண்கள் நடத்தினார்கள். "நம்ம ஊரு செய்தி" என்று ஒரு சிறு பத்திரிகையும் வந்தது. இந்தத் திட்டத்துக்கு 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

இதில் என் மனதில் ஆழமாகத் தங்கியது வீராம்பட்டினம். மீனவருக்குத் தேவை நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலுக்கான அலை உயரக் கணிப்பு, வண்ணப் படமாக, ஆங்கிலத்தில் கிடைத்தது. அதை வில்லியனூரில் எடுத்துத் தமிழில் சுருக்கி வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அதைத் திரையில் காட்டவில்லை. கரைப்பக்கம் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள்.

ஏன் ஒலிபெருக்கி என்பதைத்தான் என்னிடம் படிக்க வருகிறவர்களிடம் யோசிக்கச் சொல்கிறேன். வலை பின்னுகிறவர் மணலில் இருக்கிறார். கையில் வேலை, கண்ணும் அந்த வேலையில். சும்மா இருப்பது காது மட்டும். அறைக்குள் கணினிமுன் வந்து உட்கார் என்று அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, செய்தியே மணலுக்குப் போனது. படத்தில் இருந்த அத்தனை வண்ணமும் போய், அலை எத்தனை உயரம், காற்று எந்தப் பக்கம் என்பது மட்டும் மிஞ்சியது. விட்டதெல்லாம் பொய்யோ தேவையில்லாததோ இல்லை. கட்டுமரம் தள்ளுகிறவர் முடிவெடுக்க இவ்வளவு போதும். எதை விடுவது என்று தெரிந்துகொள்ள அந்த வேலையை அருகில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலையில் இந்த ஏற்பாடு உயிர் காத்தது. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே உள்ள நல்லவாட்டிலும் ஓர் அறிவு மையம் இருந்தது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுமத்ரா நிலநடுக்கமும் அலையும் பற்றித் தெரிந்ததும் வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். ஐந்நூறு குடும்பங்கள் போல வாழ்ந்த குப்பம் அது. படகுகள் போயின, வீடுகள் போயின, ஊர் மக்கள் தப்பினார்கள். இதைப் பலரும் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்வார்கள். நான் வேறு மாதிரி புரிந்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை. வானம் தெளிந்திருக்கிறது. "ஓடுங்க" என்று ஒரு குரல் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டுமானால், அந்தக் குரல் அதற்கு முன்பு பல நாள் பொய் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். சாதாரண நாளில், சாதாரண விஷயத்தில் சரியாகச் சொல்லி வந்த ஒலிபெருக்கி அது. நம் பேச்சுக்கும் இப்படி ஒரு முன்கதை வேண்டும். முதல்முறை போகிற ஊரில் நமக்கு அது கிடையாது. அதனால் ஊர் ஏற்கெனவே நம்புகிற ஒருவரை, அங்கன்வாடி டீச்சரோ பால் சொசைட்டிக் கணக்கரோ, பேச்சின் நடுவே இரண்டு வார்த்தை பேசச் சொல்லி முதல் நாளே கேட்டு வைக்கிறேன்.

அந்தத் திட்டத்தில் மையம் வைக்க ஊரிடம் கேட்ட நிபந்தனை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊர் தருகிற இடம் எல்லாரும் வந்துபோகக் கூடியதாக இருக்க வேண்டும், தலித் மக்கள் உட்பட. கூட்டம் போடுகிற எல்லாரும் இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான் ஆரம்ப காலத்தில் ஊர்ப் பெரியவர் காட்டிய இடத்திலேயே கூட்டம் வைத்தேன். பெரும்பாலும் கோயில் மண்டபம், இல்லாவிட்டால் அவர் வீட்டுத் திண்ணை. காலனியிலிருந்து யாரும் வரவில்லை. வந்த ஒருவரும் வெளியே தெருவில் நின்றார். அவரைப் பார்த்தபடியே நான் "அனைவருக்கும்" என்று பேசிக்கொண்டிருந்தேன். இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே யார் கேட்கக் கூடாது என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டேன். இப்போது பள்ளிக்கூட மைதானம், பால் சொசைட்டி வாசல், இல்லையென்றால் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற மரத்தடி. இதற்காக முந்தின நாள் சில பேரிடம் முகச்சுளிப்பு வாங்க வேண்டியிருக்கும், வாங்கிக்கொள்ளலாம்.

பெண்கள் உட்காருகிற இடத்தையும் பார்க்க வேண்டும். ஆண்கள் முன்னால் நாற்காலியில், பெண்கள் பின்னால் தரையில் என்றால், பின்னால் இருப்பவர்களுக்கு முதுகுகள்தான் தெரியும். இதற்கு அறிவொளியில் எங்களுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. 1985-ல் தொடங்கிய புதுவை அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்திய எழுத்தறிவு வேலை அது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைஜாதா என்று தெருநாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. மேடை கிடையாது, மைக் கிடையாது. தப்பு அடித்ததும் குழந்தைகள் ஓடி வரும், குழந்தையைத் தேடி அம்மா வருவாள். நடுவில் நாங்கள், சுற்றிலும் ஊர். வட்டத்தில் முன்வரிசை, பின்வரிசை கிடையாது. ஒரு வசனத்தை ஒரு பக்கம் பார்த்துச் சொன்னால் அடுத்ததை எதிர்ப்பக்கம் திரும்பிச் சொல்ல வேண்டும். யார் முகம் வாடுகிறது, யார் கொட்டாவி விடுகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும். இருபது நிமிஷத்துக்கு மேல் எந்த நாடகமும் போகாது. இன்றைக்கும் நான் பேசுகிற இடத்தில் நாற்காலிகளை வளைத்துப் போடச் சொல்கிறேன்.

பவர்பாயின்ட்டை நான் வெறுக்கவில்லை. இருட்டறையும் கரண்டும் இருந்து, காட்டியே ஆக வேண்டிய படமும் இருந்தால் காட்டலாம். ஆனால் படித்தவர்கள் கூடும் அறையிலும் அது எப்படித் தவறிப்போகும் என்பதற்கு ஒரு கொடுமையான சான்று இருக்கிறது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது ஒரு நுரைத்துண்டு இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருக்கும்போதே, ஆபத்து எவ்வளவு என்று பொறியாளர்கள் பவர்பாயின்ட்டில் விளக்கினார்கள். ஒரு பக்கத்தின் தலைப்பு நம்பிக்கையூட்டும் தொனியில் இருந்தது. அதே பக்கத்தின் அடியில், உள்வரிக்குள் உள்வரியாக, சின்ன எழுத்தில் இருந்தது முக்கியமான செய்தி: மோதிய துண்டின் அளவு 1,920 கன அங்குலம், அவர்கள் கையில் இருந்த சோதனை முடிவு வெறும் 3 கன அங்குலத் துண்டுக்கு. பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும்போது கலம் சிதறியது. கல்பனா சாவ்லாவோடு சேர்த்து ஏழு பேர் போனார்கள். அந்த ஒரு பக்கம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்தப் பக்கத்தையே எடுத்துப் போட்டு, இதைப் படிக்கிற மேலதிகாரிக்கு உயிர் போகும் ஆபத்து என்று எப்படிப் புரியும் என்று கவலைப்பட்டது. "இது நாம் சோதித்ததைவிட அறுநூறு மடங்குக்கு மேல் பெரியது" என்று ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால் அந்த அறையே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

அதனால் முந்தின ராத்திரி நான் கடைசியாகச் செய்வது இதுதான். ஒரு துண்டுக் காகிதத்தில், இந்தப் பேச்சைக் கேட்டவர் நாளைக்குக் காலையில் எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதுவேன். "நிலத்தடி நீர் விழிப்புணர்வு பெற வேண்டும்" என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன். விழிப்புணர்வை யாரும் காலையில் எழுந்து செய்ய முடியாது. அந்தக் கடலோர ஊருக்கு மறுவருஷம் போகும்போது நான் எழுதிய வரி: "புது போர் போடும் முன் பழைய போர்த் தண்ணீரைக் குரும்பாப்பேட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும்." அங்கே பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்த வரிக்கு உதவாத எதுவும் பேச்சில் வரவில்லை. ஏரித் தண்ணீர் வரவில்லை, பங்காரு வாய்க்கால் வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த கதைகள் அவை.

இந்த முறை முந்தின நாள் முழுக்க ஊரில் இருந்தேன். பதினொரு போரிலிருந்து, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஒரே மாதிரியான பாட்டில்களில் தண்ணீர் பிடித்தேன். பாட்டில் மேல் எண் மட்டும், பெயர் இல்லை. உப்பு ஏறிய போர் யாருடையது என்று ஊர் முன்னால் சொன்னால் நாளைக்கு அவர் நிலத்தின் விலை என்னாவது? அவரவர் எண்ணை அவரவரிடம் தனியாகச் சொல்லி வைத்தேன்.

மறுநாள் ராத்திரி ஏழரை மணி. பால் ஊற்றி, சோறாக்கி முடித்து வந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில், தெருவிளக்குக்குக் கீழே, ஒரு மேசை. வந்தவர்களைப் பாட்டில்களிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஊரே முகம் சுளித்தும் சுளிக்காமலும் பதினொரு பாட்டிலையும் வரிசைப்படுத்திவிட்டது. கடலுக்குக் கிட்டே இருந்தவை கரித்தன. ஆனால் தள்ளி இருந்த ஏழாம் எண்ணும் கரித்தது. "அது எப்படி?" என்று அவர்களே கேட்டார்கள். நான் சொல்ல வேண்டியதைத் தொடங்க அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஒரு பெரிய கண்ணாடி டம்ளரில் பாதிக்கு நீல மை கலந்த உப்புத் தண்ணீர். அதன் மேல், கரண்டியின் முதுகில் விட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். நீலம் கீழே நின்றது, தெளிவு மேலே நின்றது. கடலோர மண்ணுக்குள் இப்படித்தான் இருக்கிறது என்றேன். நன்னீர் கனம் குறைவு, உப்புநீர் கனம் கூட. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால் கீழே நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து நாற்பது அடி ஏறி வரும். நடுவில் களிமண் அடுக்கு இருக்கிற இடத்தில் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். மாறும் என்று சொல்லாமல் விட்டால், மாறிய இடத்துக்காரர் என்னை மறுபடி நம்ப மாட்டார். பிறகு ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சின் முனையைத் தெளிந்த தண்ணீரில் வைத்து மெல்ல இழுத்தேன். தெளிவாகவே வந்தது. அடுத்து வேகமாக இழுத்தேன். கீழே இருந்த நீலம் கூம்பு மாதிரி எழும்பி முனைக்குள் ஏறியது.

யாரும் எதுவும் பேசவில்லை. ஏழாம் எண்காரர் மட்டும், "நான் ரெண்டு மோட்டார் ஓட்றேன்" என்றார், தானாகவே, எல்லார் முன்னாலும்.

பேச்சு பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது. கேள்விகள் முக்கால் மணி நேரம் போயின. நான் பாட்டில்களைப் பைக்குள் எடுத்து வைக்கும்போது, முதல் வருஷம் கேள்வி கேட்ட அதே பாட்டி மேசைப் பக்கம் வந்தார். டம்ளரையும் சிரிஞ்சையும் தொட்டுப் பார்த்தார்.

"இத்த ஒரு நாளைக்குக் குடும்மா. எம் மவன் இன்னிக்கு வர்ல, நாளைக்குப் போர் வண்டி வருதுன்னு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து குந்தியிருக்கான். அவங்கிட்ட காட்டிட்டு, காலைல பால் சொசைட்டியில குடுத்துர்றேன்."

உப்பு எவ்வளவு, மை எத்தனை சொட்டு, கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு முறை செய்து காட்டினேன். மூன்றாவது முறை அவரே ஊற்றினார்.